படத்தில் இல்லாத மகள்

சென்ற வருடம் செமஸ்டர் விடுமுறைக்கு மகள் வீட்டுக்கு வந்திருந்தாள். இரவு பஸ்ஸில் வந்த களைப்புத் தீர ஒரு பகல் முழுக்கத் தூங்கி எழுந்தவள், அஸருக்குப் பிறகு முன் விறாந்தையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கைத்தொலைபேசியை நீட்டினாள். அவளுடைய குழு செய்து முடித்த கச்சான் உடைக்கும் இயந்திரத்தின் படம். பச்சை நிறம் பூசிய இரும்புச் சட்டம், மேலே கச்சான் கொட்டும் புனல், கீழே மோட்டார், பக்கத்தில் பெரிய கப்பி. அதைச் சுற்றி ஐந்து பையன்கள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார்கள். ஒருவன் கையில் ஸ்பேனர். இன்னொருவன் வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு மேல் ஏற்றி விட்டிருந்தான்.

“நீ எங்க மகள்?” என்று கேட்டேன்.

“நான்தானே வாப்பா படம் எடுத்த” என்றாள்.

இருவரும் சிரித்தோம். அந்த நேரம் எனக்கு அதில் வேறொன்றும் தோன்றவில்லை.

பிறகு அறிக்கையைக் காட்டினாள். எழுபது பக்கம், சுருள் கம்பி போட்டுக் கட்டியது. ஆங்கிலம் தெளிவாக இருந்தது. வரைபடங்களுக்கு இலக்கம், அட்டவணைகளுக்குத் தலைப்பு, ஒரு எழுத்துப் பிழை இல்லை. முழுவதையும் அவள்தான் எழுதியிருந்தாள். குழுவுக்கு ‘ஏ’ கிடைத்திருந்தது. ஒரு கிராமத்துப் பள்ளிக்கூட வாத்தியாருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? மறுநாள் அந்த அறிக்கையை ஒரு பைக்குள் வைத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போனேன். இடைவேளையில் ஆசிரியர் அறையில் கை மாறிக் கை மாறிப் போனது. எல்லாரும் பாராட்டினார்கள். மனையியல் கற்பிக்கும் ஆசிரியை மட்டும் கடைசிப் பக்கம் வரைக்கும் புரட்டிப் பார்த்துவிட்டு, மிகச் சாதாரணமாகக் கேட்டார்:

“எல்லாம் நல்லாயிருக்கு சேர். இந்த மெசினில உங்கட மகள்ட கை பட்ட இடம் எது?”

எனக்குப் பதில் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து அதே கேள்வியை மகளிடம் கேட்டேன். அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். “பெயின்ட் அடிக்கக்குள்ள ஒரு பக்கம் நான் அடிச்சன்” என்றாள். அதன் பிறகு நாங்கள் இருவரும் சிரிக்கவில்லை.

பொறியியல் படிப்பு என்றால் வெளியிலிருந்து பார்க்கும் எங்களுக்குக் கணக்கும் பௌதிகமும்தான். உயர்தரத்தில் கணிதப் பிரிவில் நல்ல பெறுபேறு எடுத்த பிள்ளை, நாலு வருடம் இன்னும் கடினமான கணக்குகளைச் செய்துவிட்டு எஞ்சினியராக வெளியே வருகிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். நெடுங்காலம் உலகின் பல இடங்களில் அது அப்படித்தான் இருந்தது. இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு பொறியியல் பட்டங்களில் விஞ்ஞானப் பாடங்களின் பாரம் கூடியது. பட்டறை வேலை ஓரத்துக்குப் போனது. சமன்பாடு தெரிந்த, ஆனால் ஒரு பொருளைச் செய்து பார்த்திராத இளைஞர்கள் வருகிறார்கள் என்று வேலை கொடுப்பவர்கள் முறையிடத் தொடங்கினார்கள். 2000ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யும் சுவீடனின் மூன்று பல்கலைக்கழகங்களும் சேர்ந்து ஒரு திட்டத்தை ஆரம்பித்தன. ஒரு பொருளைச் சிந்திப்பது, வடிவமைப்பது, செய்வது, இயக்கிப் பார்ப்பது என்ற நான்கையும் சுற்றிப் பட்டப்படிப்பை அமைக்க வேண்டும் என்பதே அதன் சாரம். எங்கள் நாட்டின் பொறியியலாளர் நிறுவனம் 2014இல் வாஷிங்டன் உடன்படிக்கையில் முழு உறுப்பினரானது. நாடுகள் ஒன்றின் பொறியியல் பட்டத்தை மற்றொன்று ஏற்றுக்கொள்வதற்கான ஏற்பாடு அது. பட்டதாரியிடம் இருக்க வேண்டியவை என்று அது சொல்லும் பண்புகளில், குழுவாக வேலை செய்யும் ஆற்றலும் ஒன்று.

இதெல்லாம் பிறகு நான் தேடி வாசித்தவை. மகளின் பாடம் எப்படி நடந்தது என்பதை அவள் வாயால்தான் அறிந்தேன். அவள் எந்தப் பல்கலைக்கழகம் என்பது இங்கு முக்கியமில்லை. இரண்டாம் வருடத்தில் ஒரு செமஸ்டர் முழுவதும் ஓடும் வடிவமைப்புப் பாடம் அது. ஆறு பேர் கொண்ட குழுக்களாக விரிவுரையாளரே பிரித்து விடுவார். மகளின் குழுவில் காலியிலிருந்து வந்த ஒருவன், குருநாகலிலிருந்து இருவர், யாழ்ப்பாணத்துப் பையன் ஒருவன், கொழும்புப் பையன் ஒருவன், இவள். பல்கலைக்கழகத்திலிருந்து சற்றுத் தூரத்தில் ஒரு கிராமத்துப் பெண்கள் சங்கம். அங்கே பெண்கள் கையால் கச்சான் உடைத்து, பருப்பை நிறுத்து விற்கிறார்கள். அவர்களுக்கு ஒரு சிறிய இயந்திரம் செய்து கொடுக்க வேண்டும். செலவுக்கு ஓர் எல்லை. வரைபடம், பட்டறை வேலை, பரீட்சித்தல், அறிக்கை, எல்லார் முன்னிலையிலும் விளக்கவுரை.

முதற் கூட்டத்தில் பத்து நிமிடத்தில் வேலையைப் பங்கிட்டு விட்டார்களாம். கொழும்புப் பையனுக்குக் கணினியில் வரையத் தெரியும், வரைபடம் அவனுக்கு. காலிப் பையனின் தகப்பனுக்குச் சொந்தமாக வெல்டிங் கடை இருக்கிறது; வெல்டிங் அவனுக்கு. யாழ்ப்பாணத்துப் பையன் கணக்கில் புலி. குருநாகல் பையன்கள் சாமான் வாங்கவும் பொருத்தவும். “நங்கிக்கு ஆங்கிலம் நல்லம், ரிப்போர்ட்டை நங்கி எழுதட்டும்” என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். இவளும் சந்தோஷமாகத் தலையாட்டினாள்.

அந்தப் பிள்ளைகளை நான் குறை சொல்ல மாட்டேன். நல்ல பிள்ளைகள். சிங்களம் சரியாக விளங்காத இடத்தில் அவளுக்குப் பொறுமையாக விளக்கியவர்கள். பட்டறையில் நெருப்புப் பொறி பறந்தால் “நங்கி, தள்ளி நில்லுங்க” என்று காப்பாற்றியவர்கள். அவள் தள்ளியே நின்றாள். செமஸ்டர் முழுவதும் கையில் ஒரு கொப்பியும் பேனையுமாகத் தள்ளி நின்று, மற்றவர்கள் செய்ததை எழுதினாள். முடிவில் விரிவுரையாளர் ஒரு தாள் கொடுத்தார்: குழுவில் மற்றவர்களின் பங்களிப்புக்கு ஒவ்வொருவரும் பத்துக்கு எத்தனை கொடுப்பீர்கள்? எல்லாரும் எல்லாருக்கும் பத்துக்குப் பத்துக் கொடுத்தார்கள்.

அன்று இரவு அறிக்கையை மீண்டும் எடுத்து, இம்முறை எழுத்துப் பிழை தேடாமல் வாசித்தேன்.

கச்சான் உடைக்கும் இயந்திரத்தின் தத்துவம் எளிமையானது. உள்ளே ஓர் உருளை சுழல்கிறது. அதற்குக் கீழே அரைவட்டமாக வளைத்த சல்லடை. இரண்டுக்கும் நடுவில் அகப்படும் கச்சான் உரசுண்டு உடைகிறது. பருப்பும் கோதும் சல்லடைத் துளையால் கீழே விழ, விசிறிக் காற்றுக் கோதைத் தள்ளிவிடுகிறது. மோட்டார் நிமிடத்துக்கு 1440 முறை சுற்றினால், அதைக் கப்பிகளால் ஆறில் ஒன்றாக்கி 240க்குக் கொண்டு வருகிறார்கள். வேகம் கூடினால் பருப்பு சிதறிவிடும். எல்லாவற்றையும் விட முக்கியம் உருளைக்கும் சல்லடைக்கும் இடையிலுள்ள இடைவெளி. முழுக் கச்சானை விடக் கொஞ்சம் ஒடுக்கமாகவும், பருப்பை விட அகலமாகவும் இருக்க வேண்டும். இவர்களுடைய இயந்திரத்தில் அந்த இடைவெளி மாற்ற முடியாதபடி வெல்டிங் செய்யப்பட்டிருந்தது.

ஐம்பத்தெட்டாம் பக்கத்தில் பரீட்சித்த முடிவு இருந்தது. 100 பருப்பில் 27 உடைந்து வந்தது. உடைந்த பருப்பு விதைக்கு உதவாது. வறுத்து விற்கவும் முடியாது. வைத்திருந்தால் சீக்கிரம் காறல் எடுக்கும். அதற்குக் காரணமாக ‘கச்சானின் பருமன் ஒரே சீராக இல்லாமை’ என்று எழுதியிருந்தாள்.

ஒன்பதாம் பக்கத்துக்குத் திரும்பினேன். முதன்முதலாக அந்தக் கிராமத்துக்குப் போன நாளைப் பற்றிய பகுதி. பையன்கள் சங்கத் தலைவியோடு பேசிக்கொண்டிருந்த நேரம், இவள் பெண்களோடு பாயில் இருந்து கச்சான் உடைத்திருக்கிறாள். ‘பெண்கள் உடைப்பதற்கு முன்பு கச்சானைச் சுளகில் புடைத்துப் பெரிது, சிறிது என்று வேறாக்குகிறார்கள்’ என்று ஒரு வசனம் எழுதியிருந்தாள்.

நோய் ஐம்பத்தெட்டாம் பக்கத்தில். மருந்து ஒன்பதாம் பக்கத்தில். இரண்டையும் எழுதியது ஒரே கை. ஆனால், இரும்பு வெட்டியவர்கள் ஒன்பதாம் பக்கத்தை வாசிக்கவில்லை, அது ‘முன்னுரை’. எழுதியவளோ இரும்பைத் தன்னுடைய வேலையாக நினைக்கவில்லை. மகளை எழுப்பி இரண்டு பக்கங்களையும் காட்டினேன். கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தாள். “அல்லாஹ், இத நான்தானே எழுதின” என்றாள்.

அவள் திரும்பத் தூங்கப் போய்விட்டாள். எனக்குத் தூக்கம் வரவில்லை.

அவள் ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரை என்னிடம்தான் விஞ்ஞானம் படித்தாள். 2007இல் வந்த கல்விச் சீர்திருத்தத்தோடு ஐந்து ‘ஈ’ முறை என்ற ஒன்று எங்கள் பள்ளிக்கூடங்களுக்கு வந்தது. பிள்ளைகளைக் குழுவாக்கு, கண்டறிய விடு, அவர்களே விளக்கட்டும் என்று வழிகாட்டி நூல் சொன்னது. நானும் குழுவாக்கினேன். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு டிமைத் தாளும் மார்க்கர் பேனையும் கொடுத்தேன். கொடுத்துவிட்டு என்ன சொன்னேன் என்பது இன்றைக்கும் நினைவிருக்கிறது: “எழுத்து வடிவானவங்க எழுதுங்க.” எல்லாக் குழுவிலும் பேனை ஒரு பெண் பிள்ளையிடம் போனது. எங்கள் குழுவில், அதாவது என் மகள் இருந்த குழுவில், நாலு வருடமும் அது அவளிடமே இருந்தது. மேற்பார்வைக்கு வந்த அதிகாரிகள் சுவரில் ஒட்டிய தாள்களைப் பார்த்துச் சம்பவத் திரட்டுப் புத்தகத்தில் நல்லதாகக் குறித்துவிட்டுப் போனார்கள்.

எட்டாம் வகுப்பில் ஒரு சின்ன மின்மோட்டார் செய்து காட்டுவது என் வழக்கம். ஒரு டோர்ச் பற்றரி, காந்தம், வளைத்த இரண்டு கம்பிகள், எனாமல் பூசிய செப்புக் கம்பியில் சுற்றிய ஒரு சுருள். செப்புக் கம்பியின் ஒரு முனையில் எனாமலை முழுதாகவும் மறு முனையில் அரைப் பக்கம் மட்டும் சுரண்ட வேண்டும். அதுதான் சூட்சுமம், இரண்டு முனையையும் முழுதாகச் சுரண்டிவிட்டால் சுருள் ஒழுங்காகச் சுற்றாது, நடுங்கிக்கொண்டு நிற்கும். அந்தச் சுரண்டும் வேலைக்கு, “ஒரு ஆம்புளப் புள்ள வாங்க” என்றுதான் ஒவ்வொரு வருடமும் கூப்பிட்டிருக்கிறேன். ஏன் அப்படிக் கூப்பிட்டேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பெண் பிள்ளைகள் வரைபடம் கீறினார்கள். மகளின் வரைபடத்தை மாதிரியாக அடுத்த வருடப் பிள்ளைகளுக்கும் காட்டியிருக்கிறேன்.

பல்கலைக்கழகத்தில் அந்த ஐந்து பையன்கள் பத்து நிமிடத்தில் செய்த பங்கீட்டை நான் நாலு வருடமாகச் செய்திருந்தேன். அவர்கள் வெறுமனே தொடர்ந்தார்கள்.

என்னுடைய வாப்பா மர்ஹூம் ஓர் ஓடாவி. மரம் அரியும்போது இரட்டைப் பிடி வாளின் ஒரு நுனியை அவர் பிடிப்பார், மறு நுனியை அவரிடம் வேலை பழகும் பையன் பிடிப்பான். அந்த வாளில் ஒரு விதி இருக்கிறது. உன் பக்கம் இழுக்கலாம். மற்றவன் பக்கம் தள்ளக் கூடாது. தள்ளினால் தகடு வளையும், வெட்டுக் கோணும். அவன் இழுக்கும்போது நீ பிடியை விடாமல், ஆனால் இலேசாக்கிக் கொடுக்க வேண்டும். வேலை பழக வருகிறவனுக்கு வாப்பா விளக்கம் ஒன்றும் சொல்ல மாட்டார். நுனியைக் கையில் கொடுப்பார். ஒரு கிழமையில் அவன் கை அதைப் படித்துக்கொள்ளும்.

ஆனால் எனக்கு அந்த நுனியை அவர் தரவில்லை. “நீ படிக்கிற புள்ள. உளி வாளுல தொடாத” என்பார். அது பாசம். தன் கையிலிருந்த காய்ப்பு என் கையில் வரக் கூடாது என்ற பாசம். நான் படித்தேன், ஆசிரியர் கலாசாலைக்குப் போனேன், சோக் பிடித்தேன். அதே பாசத்தை மகளுக்குக் கொடுத்தேன். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகப் படிப்பு என்றால் கையை அழுக்காக்காமல் இருப்பது. இப்போது அவள் எஞ்சினியராகப் போகிறாள், கை அழுக்காகாமல்.

கலாசாலையில் கில்பற்றிக் என்ற அமெரிக்கக் கல்வியாளரின் ‘செயற்றிட்ட முறை’ பற்றிப் படித்தோம். 1918இல் அவர் எழுதிய கட்டுரை அது. பரீட்சையில் அதைப் பற்றி நாலு பக்கம் எழுதி நல்ல புள்ளி எடுத்தேன். செயற்றிட்டம் ஒன்றைச் செய்து பார்க்காமலே எழுதினேன் என்பதை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அந்த விடுமுறையில் மகளும் நானும் கைத்தொலைபேசியிலும் அவள் கொண்டு வந்த சில தாள்களிலும் இது பற்றி நிறைய வாசித்தோம். அமெரிக்காவில் மாசசூசெட்சில் ஒலின் என்றொரு சிறிய பொறியியல் கல்லூரி. முறையான முதல் வகுப்பு 2002இல் தொடங்கியது. அதற்கு முந்திய வருடமே முப்பது மாணவர்களை வரவழைத்து, பாடத்திட்டத்தை எப்படி அமைக்கலாம் என்று அவர்களோடு சேர்ந்து பரீட்சித்துப் பார்த்தார்கள். பதினைந்து ஆண்கள், பதினைந்து பெண்கள். பாடசாலையை முடித்துவிட்டு வந்த அந்தப் பிள்ளைகளில் சிலரிடம், விரலில் மாட்டி இரத்தத்தில் ஒட்சிசன் பார்க்கும் கருவியைச் செய்யச் சொன்னார்களாம். ஐந்து வாரம் தவணை. கொரோனாக் காலத்தில் எங்கள் எல்லாருக்கும் பழக்கமான அதே கருவிதான். தேவையான கணக்கும் பௌதிகமும் அவர்கள் இன்னும் படித்திருக்கவில்லை; தோற்றுப் போவார்கள் என்றே ஆசிரியர்கள் எதிர்பார்த்தார்கள். பிள்ளைகள் வேலை செய்யும் கருவியொன்றைச் செய்து கொடுத்தார்கள். எனக்கு இதில் பிடித்தது அவர்களுடைய கெட்டித்தனமில்லை. அந்த வேலையில் முன்கூட்டியே ‘தெரிந்தவன்’ என்று யாரும் இருக்கவில்லை. ஆகவே தெரிந்தவனிடம் தள்ளிவிட வழியும் இருக்கவில்லை.

டென்மார்க்கில் ஓல்போர்க் பல்கலைக்கழகம் 1974இல் தொடங்கிய நாளிலிருந்தே இப்படித்தான் நடக்கிறது. மாணவர்கள் சிறு குழுக்களாகி, செமஸ்டரின் பாதி நேரத்தை ஒரு செயற்றிட்டத்தில் செலவிடுகிறார்கள். பரீட்சையும் குழுவாகத்தான். 2000களின் நடுப்பகுதியில் அந்நாட்டு அரசாங்கம் குழுப் பரீட்சை கூடாதென்று தடை செய்தது. குழுவுக்குள் ஒளிந்திருப்பவனைக் கண்டுபிடிக்க முடியாது என்பது அவர்கள் வாதம். சில வருடங்களின் பின்னர் அந்தத் தடை நீக்கப்பட்டது. ஒன்றாகப் படிக்க வைத்துவிட்டுத் தனியாகப் பரீட்சித்தால், ஒன்றாகப் படித்ததை எப்படி அளப்பது என்பது மறுபக்க வாதம். இரண்டு பக்கத்திலும் உண்மை இருக்கிறது. பத்துக்குப் பத்துப் போட்ட அந்தத் தாள் என் மனக்கண்ணில் வந்தது. அந்தக் குழுவில் சோம்பேறி யாரும் இருக்கவில்லை. எல்லாரும் பாடுபட்டிருந்தார்கள். ஆனாலும் ஆறு பேரும் ஒளிந்துதான் இருந்தார்கள், தங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த வேலைக்குள்.

வேலையை முடிப்பதற்கான பங்கீடு ஒன்று. படிப்பதற்கான பங்கீடு வேறொன்று. முதலாவதில் தெரிந்தவன் செய்கிறான், வேலை சீக்கிரம் முடிகிறது, ‘ஏ’ கிடைக்கிறது. இரண்டாவதில் தெரியாதவன் செய்கிறான், தெரிந்தவன் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான். ஒரு கடையிலோ தொழிற்சாலையிலோ முதலாவதுதான் சரி. படிக்கிற இடத்தில் முதலாவதை நடக்க விடுவது, நாங்கள் ஆசிரியர்கள் கண்ணை மூடிக்கொள்வது. எனக்கு விளங்கியது இவ்வளவுதான்.

அடுத்த செமஸ்டரில் அதே குழு அதே இயந்திரத்தைத் திருத்திப் பெண்கள் சங்கத்திடம் கொடுக்க வேண்டும். “விரிவுரையாளரோட நான் ஒருக்கா பேசவா?” என்று கேட்டேன். மகள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். “வேணாம் வாப்பா. அது உங்கட பள்ளிக்கூடமில்ல” என்றாள்.

அவளே பேசினாள். முதற் கூட்டத்தில் ஒன்பதாம் பக்கத்தையும் ஐம்பத்தெட்டாம் பக்கத்தையும் மேசையில் வைத்துவிட்டு, போன முறை செய்த வேலையை இந்த முறை யாரும் செய்யக் கூடாது என்று சொன்னாளாம். பெரிய தர்க்கம் நடந்திருக்கிறது. புள்ளி குறையும், நேரம் போதாது, இயந்திரம் பாழாகும் என்றார்கள். அவர்கள் சொன்னதில் ஒன்றும் பொய்யில்லை. கடைசி வரைக்கும் எதிர்த்தவன் வெல்டிங் செய்த காலிப் பையன். இரண்டு நாள் கழித்து அவன் தனியாக வந்து சொல்லியிருக்கிறான்: தனக்கு ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுத ஏலாது, முதல் வருடத்திலிருந்து எல்லாக் குழுவிலும் வெல்டிங்கைக் காட்டித் தப்பி வருகிறேன் என்று. இவள் பேனைக்குப் பின்னால் ஒளிந்திருந்தது போல அவன் வெல்டிங் கண்ணாடிக்குப் பின்னால் ஒளிந்திருந்தான். அறிக்கையை அவன் எழுதுவதென்றும், வெல்டிங்கை இவள் பழகுவதென்றும் தீர்மானமானது.

முதல் கிழமை அவள் போட்ட வெல்டிங்கைப் பார்த்து, “நங்கி, இது கோழி எச்சம்” என்று அவன் சொன்னானாம். சொன்னானே தவிர, அதைத் தான் திருத்தவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அவள் அரைத்து எடுத்துவிட்டுத் திரும்பப் போட்டாள். ஒரு நாள் இடது கையில் சூடு பட்டுக் கொப்புளம் வந்தது. வீடியோ அழைப்பில் அதைப் பார்த்த அவளுடைய உம்மா அழுதுவிட்டார். “நாளைக்குக் கலியாணம் பேச வாறவங்க கையத்தானே பாப்பாங்க” என்றார். நான் என் வாப்பாவின் கையை நினைத்துக்கொண்டேன். ஒன்றும் சொல்லவில்லை. பயம் எனக்கும் இருந்தது.

வெல்டிங் செய்து இறுக்கியிருந்த சல்லடையை வெட்டி எடுத்தார்கள். இரண்டு பக்கமும் நீண்ட துளை போட்டுப் போல்ட்டில் பொருத்தினார்கள். இப்போது நட்டைத் தளர்த்திச் சல்லடையை ஏற்றலாம், இறக்கலாம். கச்சானை முதலில் சுளகில் புடைத்தது போல இரண்டு பருமனாகப் பிரிக்க மேலே ஒரு சாய்ந்த சல்லடை. அந்தப் பெண்களிடம் கொண்டு போனபோது, அவர்கள் நட்டைத் தாங்களே திருப்பிப் பார்த்தார்கள். உடைவு 100க்கு 11 ஆகக் குறைந்தது. இன்னும் குறையலாம் என்கிறாள் மகள். ஆனால் வேலை இரண்டு கிழமை பிந்திவிட்டது. வரைபடத்தில் பிழைகள் இருந்தன. புதிதாகக் கணக்குப் பார்த்தவன் ஒரு கப்பியின் விட்டத்தைத் தவறாக வாங்க வைத்து, காசு வீணானது. குழுவுக்கு ‘பி’தான் கிடைத்தது. ஒரு ‘பி’ அவளுடைய வகுப்புச் சித்தியைப் பாதிக்குமா என்று என் மனம் கணக்குப் பார்க்காமலில்லை. தகப்பனுடைய மனம் அப்படித்தான்.

என்னுடைய வகுப்பிலும் ஒரு சிறு மாற்றம் செய்தேன். பேனை பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இடது பக்கம் நகர வேண்டும். கம்பி சுரண்டும் பிளேடும் அப்படியே. இந்த வருடம் எட்டாம் வகுப்பில் எட்டு மோட்டார் செய்ய விட்டேன். மூன்று சுற்றின, ஐந்து சுற்றவில்லை. முன்பெல்லாம் நான் செய்த ஒன்று ஒழுங்காகச் சுற்றும், முப்பத்திரண்டு பேர் பார்ப்பார்கள். சுற்றாத ஐந்தையும் வைத்துக்கொண்டு பிள்ளைகள் இடைவேளைக்குப் போகாமல் தர்க்கப்பட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டு முனையையும் முழுதாகச் சுரண்டிவிட்டதைக் கண்டுபிடித்தது, வாய் திறந்து பேசாத ஒரு பெண் பிள்ளை. நான் சொல்லிவிடாமல் இருக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மேற்பார்வைக்கு வந்தவர் சுவர்த் தாள்களைப் பார்த்து, “சேர், முந்தி உங்கட வகுப்பில எழுத்து இதவிட வடிவா இருக்குமே” என்றார். உண்மைதான். இருக்கும்.

போன மாதம் மகள் வந்தபோது புதிய அறிக்கையையும் கொண்டு வந்தாள். நாற்பத்தொரு பக்கம். முதல் பக்கத்திலேயே நாலு பிழை. காலங்கள் ஒன்றுக்கொன்று முட்டிக்கொண்டிருந்தன. ஒரு வசனத்தில் வினைச்சொல்லே இல்லை. ஆனால் சல்லடையை ஏன் போல்ட்டில் பொருத்த வேண்டும் என்று அவன் எழுதியிருந்த பக்கம் எனக்கு ஒரு வாசிப்பில் விளங்கியது. அதற்கடியில், பெண்கள் சுளகில் புடைப்பது பற்றி மூன்று வசனங்கள். இம்முறை அது முன்னுரையில் இல்லை, வடிவமைப்பு என்ற பகுதியில் இருந்தது.

பழக்கதோஷத்தில் என் கை சட்டைப் பையிலிருந்த சிவப்புப் பேனையை எடுத்துவிட்டது. முதல் பிழையின் மேல் வைக்கப் போனேன்.

“வாப்பா,” என்றாள் மகள், “அது அவன்ட.”

பேனையை மூடிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.